எல்-1 விசா: கிளம்பும் முன்பே பார்க்க வேண்டிய காகிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வேலை விசா என்றாலே ஹெச்-1பி குலுக்கலைப் பற்றித்தான் செய்தி வருகிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சென்னை, பெங்களூரு பன்னாட்டு நிறுவனங்களுக்குப் போன பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு: நிறுவனமே தன் ஊழியரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றும் எல்-1 விசா. குலுக்கலும் இல்லை, ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் இல்லை. அதனாலேயே சுலபம் என்று நினைத்து, காகிதத்தில் கோட்டை விடுகிறார்கள்.

முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் தொடர்ந்து ஓராண்டாவது அதே நிறுவனத்தின் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கிளையில் வேலை பார்த்திருக்க வேண்டும். நடுவில் பிசினஸ் விசாவில் அமெரிக்கா போய்த் தங்கிய நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. மேலாளருக்கு எல்-1ஏ, அதிகபட்சம் 7 ஆண்டு. நிறுவனத்துக்கே உரிய சிறப்பு அறிவு உள்ளவருக்கு எல்-1பி, 5 ஆண்டு. இதில் எல்-1பிதான் சிக்கலானது. நேர்காணலில் "உங்கள் சிறப்பு அறிவு என்ன?" என்று அதிகாரி கேட்டதும் "ஜாவா, எட்டு வருட அனுபவம்" என்று சொன்னால் காரியம் கெட்டது. ஜாவா என்ற கணினி மொழி தெரிந்தவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். உங்கள் நிறுவனம் சொந்தமாக உருவாக்கிய மென்பொருள் எது, அதில் நீங்கள் கட்டிய பகுதி எது, வெளியாள் ஒருவர் அதைக் கற்க எத்தனை மாதம் ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். நிறுவனம் உங்களுக்காகப் போட்ட விசா மனுவில் எழுதியதும் நீங்கள் வாயால் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே மனுவின் நகலை மனிதவளப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வாங்கி, வரி விடாமல் படியுங்கள்.

வேலை யார் அலுவலகத்தில், யார் மேற்பார்வையில் என்பதையும் கேளுங்கள். எல்-1பி ஊழியரை வாடிக்கையாளர் இடத்தில் உட்காரவைத்து, அவர்கள் சொல்படி வேலை வாங்குவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இந்த விசா நிறுவனத்தோடு கட்டுண்டது. சம்பளம் கூடக் கிடைக்கிறதென்று வெளி நிறுவனத்துக்குத் தாவ முடியாது; அதற்கு ஹெச்-1பி குலுக்கலில்தான் நிற்க வேண்டும். எல்-1இல் கழிந்த காலம் ஹெச்-1பியின் 6 ஆண்டில் கழிக்கப்படும். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழையும்போது பதியப்படும், எதுவரை தங்கலாம் என்ற பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். வீட்டுக் கடனையும் திருமணத் தேதியையும் இதை நம்பி முடிவு செய்யும் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மனைவிக்கு எல்-2 (எல்-1காரரின் குடும்பத்துக்கான விசா) எடுக்க, கோயில் மாலையும் நகரத்தார் திருமணத்தில் எழுதும் இசைபிடிமானமும் போதாது. சார்பதிவாளர் அலுவலகத் திருமணச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். தள்ளிப்போட்டுவிட்டு விசா தேதி வந்தபின் அலைவது வீண் பாடு. அங்கே இறங்கியதும் மனைவியின் ஐ-94இல் "எல்-2எஸ்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தனி அனுமதி அட்டை இல்லாமலே வேலை பார்க்கலாம். வெறும் "எல்-2" என்றிருந்தால் சுங்க, எல்லைக் காவல் துறையிடம் திருத்தச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு தேதியில் நடக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, நாட்டுக்குள் நுழையத்தான். எதுவரை தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகும் என்றால் ஐ-94ஐயும் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவது வழக்கம். நம் குழந்தைகளின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 5 ஆண்டுக்கே தரப்படுகிறது. அப்பாவுக்கு மூன்று ஆண்டு கிடைத்திருக்க, பிள்ளைக்கு ஒன்றரை ஆண்டே கிடைத்திருக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் ஐ-94 தானாக நீளாது. நீட்டிப்பு மனுப் போட வேண்டும், அல்லது வெளியே போய்ப் புதுப் பாஸ்போர்ட்டோடு திரும்ப வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே குழந்தைகளின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். ஒவ்வொரு முறை நுழைந்த பிறகும் வீட்டில் உள்ள அத்தனை பேரின் ஐ-94ஐயும் இணையத்தில் எடுத்து, தேதியைத் தனித்தனியே சரிபாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தேவகோட்டை