விதைப் பெரணி, பெரணி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அழிந்துபோன ‘விதைப் பெரணி’த் தாவரங்களைப் பற்றிய சென்ற இதழின் கட்டுரை இவற்றைப் ‘பெரணியில் ஒரு வகை’ என்கிறது. பெயரால் வந்த வினை. ஓலை மட்டுமே பெரணியின் சாயல். விதை உண்டு, தண்டைப் பருக்கவைக்கும் இரண்டாம்நிலைக் கட்டை உண்டு. சைகஸ், பைன் சேர்ந்த ஜிம்னோஸ்பெர்ம் (கனிக்குள் மூடாத விதையுள்ள தாவரங்கள்) பக்கம்தான் இவற்றுக்கு இடம். பெரணி ஓலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் புள்ளிகளாக வித்தகக் கொத்துகள் (விதைக்குப் பதில் நுண்வித்துகளைத் தரும் பைகள்) இருக்கும். கார்போனிஃபெரஸ் காலப் (சுமார் 36–30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) புதைபடிவ ஓலைகள் பலவற்றில் அவை அகப்படவே இல்லை என்று 1883இலேயே புவியியலாளர் ஸ்டூர் சுட்டிக்காட்டினார். அவை விதைத் தாவரங்களின் ஓலைகள் என்ற விடைக்கு மேலும் 20 ஆண்டுகள் ஆயின.

அந்த விடையையும் கட்டுரை எளிதாக்கிவிட்டது. விதையும் தண்டும் ஒட்டியபடி கிடைக்கவில்லை. லாஜினோஸ்டோமா லோமாக்ஸி, 5 மி.மீ. சொச்சம் நீளமுள்ள விதை, தனியாகக் கிடந்தது. அதைச் சுற்றிய கிண்ணத்தின் மேல் குண்டூசி மாதிரி, காம்பும் உருண்டைத் தலையுமாகச் சுரப்பிகள். அதே சுரப்பி லைஜினாப்டெரிஸ் என்று பெயரிடப்பட்ட தண்டிலும் அதன் ஓலைக்காம்பிலும் இருந்தது. உடன் கிடந்த வேறு செடிகளில் தெரியவில்லை. இதை வைத்தே தாவரவியலாளர்கள் ஆலிவரும் ஸ்காட்டும் 1903இல் இரண்டையும் இணைத்தார்கள். பெட்டிச் செய்தியில் நான்கு தாவரங்களாகப் பட்டியலிட்டிருக்கும் லைஜினாப்டெரிஸ், ஸ்ஃபீனாப்டெரிஸ், கலோக்ஸைலான், லாஜினோஸ்டோமா ஆகியவை முறையே ஒரே செடியின் தண்டு, இலை, வேர், விதை.

சுரப்பியை ஒப்பிட வெட்டுமுகம் வேண்டும். அதற்கு ‘கல்லில் அமிலம் தடவிப் படலம் உரிப்பார்கள்’ என்ற ஒற்றை வரி ஆபத்தானது. எந்தக் கல், எந்த அமிலம்? நிலக்கரிப் படுகையில் தாவரங்கள் கல்லாகி உறைந்த கரி உருண்டை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். 5% ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். சிலிக்காவாக மாறிய கல்லை அது தொடாது. அதற்குரிய ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோல்வழி இறங்கி எலும்புவரை கெடுக்கும். பயிற்சியும் புகைபோக்கிக் கூண்டும் இல்லாத இடத்தில் திறக்கவே கூடாது.

வெட்டிய முகத்தை 600 எண் கார்போரண்டம் பொடியில் கண்ணாடித் தட்டின் மேல் தேய்த்து, 15 நொடி போல அமிலத்தில் காட்டி, மெல்ல அலசி, துடைக்காமல் உலரவிட வேண்டும். கார்பனேட் கரைந்த இடத்தில் செல்சுவர்கள் நிமிர்ந்து நிற்கும். அப்போது விரல் பட்டால் போயிற்று. பிறகு அசிட்டோனை ஊற்றி, அசிட்டேட் தாளை ஒரு விளிம்பிலிருந்து சாய்த்துப் படியவிட்டால் குமிழி சிக்காது. அரைமணி காயட்டும், ஈரத்தில் இழுத்தால் தாள் நெளியும். காய்ந்தபின் உரித்தால் செல்சுவர்கள் தாளோடு ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் நெருப்பு கூடாது. அமிலத்தில் கூடுதலாகக் கிடந்த கல்லில் பிடிமானமற்ற சுவர்கள் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று படியும். அந்த மங்கலுக்குக் கல்லைக் குறைசொல்பவர்களே அதிகம்!

வாளால் அறுத்து வில்லை எடுத்த காலத்தில் ஒவ்வொரு வெட்டும் கல்லைத் தின்றது. இத்தனை சிறிய விதையில் சில வில்லைகளே தேறும். 1956இல் வெளியான இந்த அசிட்டேட் முறையில் அதே விதையை இழை இழையாக உரிக்கலாம்.

கட்டுரையின் முகப்புப் படத்தில் ஓலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. அது சாதாரணப் பெரணி. படவிளக்கத்தை அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
தொல்தாவரவியல் வாசகர்கள்