கண்ணை மூடினால் தெரியும் வெளிச்சம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் போலந்து ஓவியர் விளாதிஸ்லாவ் ஸ்ட்ஷெமின்ஸ்கி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவரைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் வந்ததே பெரிய விஷயம், நன்றி. ஆனால் 'அடிக்கடி பாணி மாற்றியவர்' என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை.

முதல் உலகப் போரில் 1916இல் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தவர், ரஷ்ய அரூப ஓவியர் மாலேவிச்சின் வட்டத்தில் பழகியவர், அப்புறம் போலந்து வந்தவர் என்பதெல்லாம் கட்டுரையில் சரியாகவே இருக்கிறது. 1928இல் அவர் எழுதிய 'யூனிசம்' கொள்கையைத்தான் அவசரமாகத் தாண்டிவிட்டார்கள். படத்துக்குள் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு மோதக்கூடாது, நடுநாயகமாக எதுவும் நிற்கக்கூடாது, சட்டத்தின் நாலு விளிம்பு வரைக்கும் எல்லா இடத்துக்கும் ஒரே மதிப்பு என்பது அவர் வாதம். அதைக் கடைசி வரை கொண்டுபோனதன் விளைவுதான் 1930களின் தொடக்கத்தில் வந்த படங்கள். கிட்டத்தட்ட ஒரே நிறம், மேலே வரிவரியாகப் புடைத்து நிற்கும் வண்ணம், அவ்வளவுதான். அதைப் போய்க் கறுப்பு வெள்ளையில் தபால்தலை அளவுக்கு அச்சடித்திருக்கிறீர்களே! சாம்பல் நிறச் சதுரம்தான் தெரிந்தது.

அதே ஆள் அடுத்து நெளிநெளியான கோடுகளில் கடல் வரைகிறார். போர்க்காலத்தில் முகமில்லாத மனித உருவங்களைப் பென்சில் கோட்டிலேயே நிறுத்துகிறார். 1945இல் தொடங்கி, போர்க்காலத்தில் வரைந்த அந்தக் கோடுகளையே எடுத்து, நாஜிகள் கொன்ற யூதர்களின் புகைப்படங்களோடு சேர்த்து 'என் யூத நண்பர்களுக்கு' என்ற வரிசையைச் செய்கிறார். பிறகு 1948-49இல் சூரியன். சூரியனைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் இமைக்குள் நிறநிறமாக மிதக்கிறதே, அதுதான் படம். போலந்தின் ஊச் நகரில் மாணவர்களுக்கு நடத்திய பாடங்களிலும் இதே விசாரணைதான்: மனிதன் ஒவ்வொரு காலத்திலும் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டான்? அவர் இறந்து ஆறு வருடம் கழித்து, 1958இல், அது 'பார்த்தலின் கோட்பாடு' என்று புத்தகமாக வந்தது. ஆக, யூனிசத்திலிருந்து சூரியன் வரைக்கும் அவர் விடாமல் துருவியது கண்ணின் வேலையைத்தான். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான், வரைகிற பாணி மாறுவதற்கும் மனசுக்குள் இருக்கும் கேள்வி மாறுவதற்கும் உள்ள வித்தியாசம் ஓரளவு தெரியும்.

உண்மையில் பாணியை மாற்றச் சொல்லி அவரை நெருக்கியது போலந்தின் கம்யூனிஸ்ட் அரசாங்கம். உழைப்பாளியையும் தொழிற்சாலையையும் போற்றி, பார்த்தவுடன் புரிகிற மாதிரி வரைய வேண்டும் என்ற சோஷலிச யதார்த்தவாதத்துக்குப் பணிய மறுத்ததால் 1950இல், அவரே சேர்ந்து தொடங்கிய கலைப்பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். ஊச் அருங்காட்சியகத்தில் அவர் வடிவமைத்த, சிவப்பு மஞ்சள் நீலக் கட்டங்களால் ஆன நியோபிளாஸ்டிக் அறை என்ற காட்சிக்கூடத்தையும் அழித்துவிட்டார்கள், 1960இல்தான் அதை மறுபடி கட்டினார்கள். கடை ஜன்னல் அலங்காரம் செய்து பிழைத்தவர் 1952 டிசம்பரில் காசநோயில் போய்ச் சேர்ந்தார். அடிக்கடி மாறுகிற சுபாவம் இருந்திருந்தால் இந்த வேதனையே வேண்டாமே, ஒரு டிராக்டரை வரைந்து கொடுத்துவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்.

இன்னொரு குறை. கதாஷினா கோப்ரோவை 'அவருடைய மனைவி' என்ற ஒற்றைச் சொல்லில் கடந்திருக்கிறீர்கள். இருபதாம் நூற்றாண்டுச் சிற்பக் கலையில் அந்தம்மா தனிப் பெயர். வெட்டவெளியையே சிற்பத்தின் பொருளாக ஆக்கியவர். 1945 குளிர்காலத்தில் மகளுக்குச் சமைக்க விறகில்லாமல் தன் மரச்சிற்பங்களையே அடுப்பில் வைத்தவர். அந்த மணவாழ்க்கை கசந்துதான் முடிந்தது, கணவருக்கு முன்பே 1951இல் இறந்தும் போனார். கணவரைப் பற்றி எழுதும்போது தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி வைத்தால் எப்படி?

அடுத்த இதழில் கோப்ரோவுக்கும் நாலு பக்கம் ஒதுக்குங்கள். முடிந்தால் ஸ்ட்ஷெமின்ஸ்கியின் அந்தச் சூரியப் படங்களில் ஒன்றையாவது வண்ணத்தில், முழுப் பக்கத்துக்குப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் ஓவிய ஆசிரியர்