காரைக்கால் தாண்டி எங்கள் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்ட அண்ணனுக்கு

அண்ணே, ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் விடியற்காலை, நாகூர் போகும் சாலையோரம் டிவிஎஸ் வண்டியை நிறுத்தினீர்களே, உங்களுக்குத்தான் இது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பாதயாத்திரைக் குழுவில் ஒருவருக்கு இரண்டு குதிகாலிலும் நெல்லிக்காய் அளவு கொப்புளம். புதுச் செருப்பு, மழையில் நனைந்த சாக்ஸ். ஊறிய தோல் உரசினால் வேறென்ன ஆகும்? ஊசியில் நூல் கோத்து உள்ளேயே விட்டுவைக்கலாம் என்று பழைய வைத்தியம் சொன்னார்கள். வேண்டவே வேண்டாம், நூல் வழியாகத்தான் அழுக்கு உள்ளே போகும் என்றீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில் மட்டும் இரண்டு இடம் குத்தி, பஞ்சால் மெல்ல அழுத்தி நீரை எடுத்தீர்கள். மேல்தோலை உரிக்க விடவில்லை. களிம்பு, அதன்மேல் துணி, பிறகு பிளாஸ்திரி. அதில் சுருக்கம் விழுந்தால் அங்கேயே அடுத்த கொப்புளம் வரும் என்று மூன்று முறை பிரித்துப் பிரித்து ஒட்டினீர்கள். யார் பெற்ற பிள்ளையோ!

அதோடு விட்டீர்களா? ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலக்கி மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தீர்கள். எங்களோடு வந்த மாதா தேரை இழுப்பவர் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் வேறு ஒட்டினீர்கள். காலை பத்து மணிக்குமேல் நடக்காதீர்கள், தார் சூட்டில் பிளாஸ்திரி இளகிவிடும் என்றீர்கள்.

நாகப்பட்டினம் தாண்டியும் அந்தக் கொப்புளக்காரர் நடந்தேதான் வந்தார்.

உங்கள் நீலப்பிடிக் கத்தரிக்கோல் எங்கள் பையோடு வந்துவிட்டது அண்ணே. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.