மரத்துப்போகும் ஊசியில் வேறு என்ன கலந்திருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஞானப்பல் அறுவை சிகிச்சைக்கு முன் போடப்படும் ஊசியில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் என்ற மருந்து மட்டுமே இருப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அதனுடன் அட்ரினலினும் சேர்ந்தே இருக்கும். அது அங்குள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் மருந்து மெதுவாகவே உடலில் பரவுகிறது. மரப்பு நெடுநேரம் நிற்கிறது, இரத்தக்கசிவும் குறைகிறது. 1:80,000 என்ற செறிவில் ஒரு மில்லிலிட்டருக்கு 12.5 மைக்ரோகிராம்தான் அட்ரினலின் உண்டு. ஆயினும் இதய நோயாளிகளுக்கு ஒரு அமர்வில் சுமார் 40 மைக்ரோகிராமைத் தாண்டுவதில்லை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இரத்த அழுத்தத்துக்கும் இதயக் கோளாறுக்கும் தரப்படும் புரோப்ரனலால் மாத்திரையை உட்கொள்பவர்களுக்கு அட்ரினலினால் இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பல் மருத்துவர் கேட்பது வெறும் சம்பிரதாயம் அன்று.

அட்ரினலின், ஊசி மருந்தின் தயாரிப்பிலேயே கலந்து வருகிறது. ஆனால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து போன்றவற்றை இந்த ஊசியில் சேர்ப்பதென்றால், பொதுவாகச் சிகிச்சை அறையில் கையால்தான் கலக்கிறார்கள். இவற்றில் டெக்சாமெத்தசோனுக்கு நியாயம் இருக்கிறது: இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சமடையும் வீக்கத்தையும், வாயைத் திறக்க முடியாத இறுக்கத்தையும் அது குறைக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை தற்காலிகமாக ஏறலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டெக்ஸ்மெடிடோமிடினோ மரப்பை நீட்டிப்பதோடு, இரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்தி, அரைத்தூக்கத்திலும் ஆழ்த்தக்கூடும். கண்காணிப்புக் கருவிகள் இல்லாத இடத்தில் அதைப் பயன்படுத்துவது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை.

மரப்பு நீள நீள நன்மை என்ற எண்ணமும் சரியன்று. மரத்த உதட்டையும் கன்னத்தையும் தெரியாமல் கடித்துக்கொள்பவர்கள் உண்டு. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு மிக அருகில் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு செல்கிறது. அறுவையில் அதற்குப் பாதிப்பு நேர்ந்திருந்தால், மரப்பு தெளியும்வரை நோயாளியோ மருத்துவரோ அதை அறிய வழியில்லை. மரப்பு நீங்கும் முன்பே, தமக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரையை மருத்துவர் சொன்னபடி போட்டுக்கொண்டால் பலருக்கு முதல் இரவின் வலி தாங்கும் அளவில் அடங்கிவிடும்.

எனவே கூடுதலாக எதைக் கலந்தாலும், அதன் பெயரையும் அளவையும் நோயாளியிடம் முன்பே கூறி ஒப்புதல் பெறுவதுடன், வீட்டுக்குக் கொண்டுசெல்லும் சீட்டிலும் எழுதித் தர வேண்டும். இரவில் தலைசுற்றலோடு வேறொரு மருத்துவரிடம் போகிறவருக்கு அந்த ஒரு வரி தேவைப்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்