ஈயம் வார்க்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் முகவாய்த் துப்பாக்கி (குழலின் வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் போடும் மஸில்லோடர்) பழகிவரும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். மான் வேட்டைக் காலத்தில் பல மாநிலங்கள் மஸில்லோடருக்கென்றே சில நாட்களைத் தனியாக ஒதுக்குகின்றன. அந்த வழியாக நம் ஆட்களில் சிலரும் இந்தக் கலைக்குள் வந்திருக்கிறீர்கள். கருமருந்தை அளந்து குழாய்க்குள் கொட்டி, எண்ணெய் தடவிய துணியில் ஈய உருண்டையை, அதாவது குண்டை, வைத்து, திணிகோலால் அடிவரை தள்ளிச் சுடுகிற நிதானம் எனக்கும் மிகவும் பிடிக்கும். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் ஒரே ஆசை வரும்: உருண்டையை நாமே வார்த்தால் என்ன?

தாராளமாக வார்க்கலாம். அதைத் தடுக்க இந்த மடலை எழுதவில்லை. சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிற வீட்டுக்குள்ளும், வீட்டோடு ஒட்டிய கராஜிலும் வார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

ஆசைக்குக் காரணம் புரிகிறது. 50 கேலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) ரைஃபிளுக்குப் பொதுவாக 0.490 அங்குல உருண்டை போடுவோம். ஒன்றின் எடை சுமார் 177 கிரெய்ன் (ஏறக்குறைய 11.5 கிராம்). ஒரு பவுண்டு ஈயத்தில் 39 உருண்டை கிடைத்துவிடும். அச்சு ஒன்று, கரண்டி ஒன்று, அடுப்பு ஒன்று போதும். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால் பெரிய உலையும் தேவையில்லை. இந்த எளிமைதான் எனக்குக் கவலை.

இந்தத் துப்பாக்கிகளுக்குக் கலப்பில்லாத மென்மையான ஈயம் வேண்டும். 1849இல் பிரெஞ்சு ராணுவ அதிகாரி மினியே வடிவமைத்த குண்டு இதைத் தெளிவாகக் காட்டும். குழலைவிடச் சற்றுச் சிறிதாக இருப்பதால் சுலபமாக உள்ளே இறங்கும். வெடிக்கும்போது அதன் குழிந்த அடிப்பகுதி விரிந்து, குழலின் உட்புறம் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும். ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆன்டிமணி கலந்த ஈயம் அப்படிச் சரியாக விரியாது. அதனால் கார் சக்கர விளிம்பில் கவ்வி மாட்டும் எடைக்கட்டிகளை விட்டுவிட்டு, பழைய கூரைத் தகடு, குழாய் என்று பழைய இரும்புக் கடைகளில் தேடுகிறோம். கிடைப்பதன் மேல் பெரும்பாலும் வெள்ளையாக ஒரு பொடி படிந்திருக்கும். அதுவும் ஈயம்தான். அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே அது கையில் ஒட்டிக்கொள்கிறது. (கார் பேட்டரித் தகடுகளைத் தொடவே தொடாதீர்கள். அவற்றை உருக்கிய கசடில் ஈரம் பட்டால், உயிரைப் பறிக்கும் ஆர்சின் வாயு கிளம்பக்கூடும்.)

நம்மில் பலர் புகையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஃபேன் போட்டாயிற்று, கதவைத் திறந்துவைத்தாயிற்று, இனி ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். ஈயத்தைச் சுத்தப்படுத்தப் போடுகிற மெழுகிலிருந்து வரும் புகைதான் கண்ணுக்குத் தெரிவது. ஈயம் கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். நாம் வார்க்கிற 400 டிகிரி வாக்கில் அது ஆவியாவது மிக மிகக் குறைவு. ஆபத்து, உருகிய ஈயத்தின் மேல் ஆடைபோல் படர்கிற சாம்பல் நிறக் கசடில் இருக்கிறது. அதை வழித்துப் போடும்போது நுண்ணிய தூளாகப் பறக்கிறது. சட்டையில், தலைமுடியில், செல்போனில், நகக்கண்ணில் உட்காருகிறது. செருப்பை வாசலில் கழற்றும் நம் பழக்கம் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். பருப்புச் சாதத்தைப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டுகிறவர்கள். சாதாரண சோப்புப் போட்டுக் கழுவினாலும் ஈயத்தூள் முழுவதுமாகப் போவதில்லை. ஈயத்தைத் துடைத்தெடுக்கவென்றே தனி ஈரத்துணிகள் விற்கின்றன. முதலில் அதால் துடைத்து, பிறகு சோப்பால் கழுவ வேண்டும். இதைத் தெரியாமல் காலையில் வார்த்த கையோடு மதியம் குழந்தைக்கு ஊட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வாய்க்குள் போகிற ஈயத்தில் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உறிஞ்சும். சின்னக் குழந்தையின் உடம்பு பாதி வரை உறிஞ்சிவிடும். அது வளர்கிற மூளையைப் பாதிக்கும். நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது இதில் ஆறுதலே இல்லை. நம் எலும்பில் சேர்ந்த ஈயமும் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கும். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் அது மறுபடி ரத்தத்துக்கு வந்து கருவையும் எட்டும்.

அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள், குறைந்த அளவில் அறிகுறியே தெரியாது. ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி. குழந்தைகளுக்கு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பது 2021 முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் கவனிப்பு அளவு. அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று பொருள் அல்ல. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை.

ஈயம் வார்ப்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவருடைய கேள்வி பழைய பெயின்ட்டோடு நின்றுவிடலாம். ஈய பெயின்ட் 1978இல் தடை செய்யப்பட்டது; புது வீட்டில் இருப்பவர்கள் ‘இல்லை’ என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். அளவு கூடியிருந்தாலும், இந்தியக் குடும்பம் என்றதும் மஞ்சள்தூள், குங்குமம், கண்மை என்றுதான் விசாரணை போகும். அவற்றிலும் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதால் அவர் கேட்பது சரியே. கராஜில் நடப்பதை யாரும் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

வார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், வீட்டை விட்டுத் தள்ளி, கூரை போட்ட திறந்த இடத்தில், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று வார்க்க வேண்டும். மழைத்துளியோ ஈரக் கட்டியோ உருகிய ஈயத்துக்குள் போய்விடக் கூடாது. நீர் சட்டென்று நீராவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், ஈயம் முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கை பருத்திச் சட்டை கட்டாயம். கசடை மூடியிட்ட டப்பாவில் போட்டு, உங்கள் ஊர் நிர்வாகம் நடத்தும் அபாயக் கழிவுச் சேகரிப்பில் கொடுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டு வேக்யூம் கிளீனர் தூளை உறிஞ்சி மறுபுறம் காற்றிலேயே பரப்பும். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவைத்து, குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். சமையல் சட்டி எதையும் இதற்கு எடுக்காதீர்கள்; எடுத்துவிட்டீர்கள் என்றால் அது மறுபடி சமையலறைக்குள் வரக் கூடாது.

இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் விடாமல் செய்ய முடியுமா என்று நேர்மையாக யோசியுங்கள். முடியாது என்று தோன்றினால், குழந்தைகள் வளரும்வரை உருண்டையைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்னடி போன்ற நிறுவனங்கள் அழுத்தி உருட்டிய மென்மையான ஈய உருண்டைகளைப் பெட்டியாக விற்கின்றன; அளவும் எடையும் சீராக இருக்கும், குறியும் தப்பாது. அதையும் வெறும் கையால்தான் எடுப்பீர்கள், எனவே கழுவும் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். ஏற்கெனவே வீட்டுக்குள் வார்த்தவர்கள் இந்த வாரமே குழந்தைக்கும் உங்களுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்