மைலோ டின்னில் இருக்கும் கற்கள்

நாவலப்பிட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன்னிடம் சொல்லக்கூடாது என்றாள், சொல்லிவிட்டேன். மற்றபடி சுகம்.

யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்தோம். அந்தச் சின்னச் சின்னத் தூபிகளுக்கு நடுவில் குடையோடு நிற்கிறாய். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த இடத்தைப் பற்றி எழுதிய பி. ஈ. பீரிஸை அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாய். தெரியும், ஆனால் பேரன் வழியாகத்தான் எனக்குத் தாத்தாவைத் தெரியும். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பேரன் சிரான் தெரணியகல. 1942இல் பிறந்தவர், 2021 அக்டோபரில் காலமானார். அப்போது பேப்பரில் வந்ததை வெட்டி என் பழைய பாடக்குறிப்புக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்து 1968இல் தொல்லியல் திணைக்களத்தில் சேர்ந்தார். கடைசியில், 1992 முதல் 2001 வரை, அதன் பணிப்பாளர் நாயகமாக இருந்தார். பதவிக் கதை எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. எனக்குப் பிடித்தது அவருடைய அப்பாவின் கதை. அந்த அப்பா, அதாவது பீரிஸின் மகன், பி. ஈ. பி. தெரணியகல, கொழும்பு மியூசியத்துக்குத் தலைவராக இருந்தவர். மீன், ஊர்வன, யானை எலும்பு என்று எல்லாவற்றையும் ஆராய்ந்தவர். குருவிட்டைப் பக்கம் பட்டதொம்பலென என்ற குகையை 1930களின் கடைசியில் தோண்டினார். இந்த நாட்டுக் கற்கால மனிதரின் வாழ்க்கைமுறைக்கு 'பலாங்கொடைக் கலாசாரம்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். நாற்பது வருஷம் கழித்து மகன் அதே குகைக்குப் போய் மறுபடியும் தோண்டினார். அப்பா விட்டுவந்த குழியிலே மகன் இறங்குவது எப்படி இருந்திருக்கும் என்று சில ராத்திரி யோசிப்பேன்.

அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறை மண்ணைக் கிளறியது, நம் வீட்டில் ஐந்து தலைமுறை, அவர்கள் கையில் கரண்டியும் தூரிகையும், நம் கையில் மம்பட்டியும் அலவாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று அம்மாவிடம் சொன்னேன். "சம்பளத்தையும் சேத்துச் சொல்லுங்க" என்றாள்.

மகன் ஏன் திரும்பப் போனார் என்பதுதான் விஷயம். அப்பா காலத்தில் எலும்பும் கல்லும் கிடைத்தன, ஆனால் அவற்றின் வயதைச் சொல்ல வழியில்லை. கல்லுக்கு யார் வயது சொல்வது? கல்லோடு ஒரே மண்படையில் கிடக்கும் அடுப்புக் கரிக்குத்தான் வயது சொல்லலாம். மரம் செத்த நாளிலிருந்து அதிலுள்ள ஒருவகைக் கார்பன் கரைந்துகொண்டே வரும், 5,730 வருஷத்தில் பாதியாகிவிடும். உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள். மகன் படை படையாக இறங்கி, கரியைத் தனித்தனியே எடுத்து அனுப்பினார். பிறை மாதிரியும் முக்கோணம் மாதிரியும் செதுக்கிய, விரல் நகம் அளவுக் கற்கருவிகள் 28,000 வருஷத்துக்கும் முந்தியவை என்று விடை வந்தது. ஐரோப்பாவில் அப்படிப்பட்டவை பனியுகத்தின் கடைசியோடு சேர்ந்தவை என்றுதான் அதுவரை படித்திருந்தார்கள். முதலில் நம்பாதவர்கள் நிறையப் பேர்.

நமக்குப் பக்கத்தில், கினிகத்தேனையிலிருந்து இறங்கினால் வரும் கித்துல்கலையின் பெலிலெனக் குகையும் அவர் தோண்டியதுதான். அங்கே இருந்தவர்கள் நத்தை, குரங்கு, மலை அணில், கெக்குன கொட்டை, காட்டு ஈரப்பலா எல்லாம் சாப்பிட்டிருக்கிறார்கள். கடலோரத்திலிருந்து உப்பு கொண்டு வந்ததற்கும் தடயம் கிடைத்தது. நான் அதிலேயே நின்றுவிட்டேன். கடல் எங்கே, கித்துல்கலை எங்கே! உன் பூட்டியின் ஆட்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த கதையை அப்பாயி சொல்லும்போது நீ தூங்கிவிடுவாய். அதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்த மலைக்கு உப்பைச் சுமந்துகொண்டு யாரோ ஏறியிருக்கிறார்கள்.

அவர்கள் நம் ஆட்களும் இல்லை, மற்றவர்களுடைய ஆட்களும் இல்லை. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. அநுராதபுரத்தில் சிரான் தோண்டியபோது, சிங்களவரின் முதல் ராஜா என்கிற விஜயன் கப்பலில் வந்து இறங்கியதாகச் சொல்லும் காலத்துக்கு முன்னூறு வருஷத்துக்கும் முன்பே, கி.மு. 900 அளவில், அங்கே இரும்பும் நெல்லும் குதிரையும் இருந்தது தெரியவந்தது. அதுவும் எல்லோருக்கும் பிடித்திருக்காது. தோண்டியதில் என்ன வந்ததோ அதை எழுதிவிட்டார். உன் வேலையும் அதுதான். நீ தொல்லியல் எடுத்தபோது, கணக்கியல் எடுக்கவில்லையே என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். சரி, அது என் மடத்தனம்.

இப்போது ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். அலமாரிக்கு மேலே இருக்கும் மைலோ டின்னை நீ ஆட்டி ஆட்டி விளையாடுவாயே, அதில் இருப்பது வெறும் கூழாங்கல் இல்லை. ஆசிரியர் நியமனம் வருவதற்கு முன் இரண்டு வருஷம் தோட்டத்தில் கொந்தரப்புக்கு, அதாவது ஒப்பந்தக் கூலிக்கு, தண்ணீர் ஓடும் கான் வெட்டினேன். வெட்டும்போது கண்ணாடி மாதிரி வெள்ளைப் படிகக்கல் சில்லுகள் வரும். சிலவற்றின் ஒரு ஓரம் பல்லுப் பல்லாகச் செதுக்கியிருக்கும். அழகாக இருந்ததால் மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். நாவலப்பிட்டி, மஸ்கெலியாப் பக்கம் ஜோன் போல் என்ற தோட்டத் துரையும் இதே மாதிரி பொறுக்கி, 1907இலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பிறகு படித்தேன். துரை செய்ததையே நானும் செய்திருக்கிறேன், ஆனால் எழுதி வைக்கவில்லை. எந்த ஆழம், எந்தப் படை, பக்கத்தில் கரி இருந்ததா, ஒன்றுமே பார்க்கவில்லை. கெஜத்துக்கு இவ்வளவு என்று கூலி, யார் குனிந்து பார்ப்பது? அந்தக் கற்கள் சொல்லியிருக்கக்கூடியதில் பாதியை நான் கானிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஞாபகம் இருக்கும்போதே மீதியையாவது எழுதுகிறேன். டின்னில் பதினான்கு கல் இருக்கிறது. எட்டு, மூன்றாம் நம்பர் மலையில் பெரிய கானின் மேல் முனை, சவுக்கு வரிசைக்குக் கீழே, முழங்கால் ஆழத்தில். அங்கே மண் கறுப்பாக இருந்தது நன்றாக ஞாபகம். இரண்டு, காலையில் ஆட்களுக்குப் பேர் போடும் பழைய பிரட்டுக் களத்துக்குப் பின்னால் மண் சரிந்த இடத்தில், மேலாகவே கிடந்தவை. ஒன்று, மாடசாமி கோயில் மேட்டில், உன் அப்பாயி எடுத்துத் தந்தது. இவற்றைத் தனித்தனியே தாளில் சுற்றி, மேலே எழுதி வைத்துவிட்டேன். அவை கருவிகள்தானா, என் ஆசையா என்று நீ பார்த்துச் சொல்.

ஏப்ரல் லீவுக்கு வரும்போது மூன்றாம் நம்பர் மலைக்குப் போவோம். அனுமதி இல்லாமல் தோண்டக்கூடாது என்று எனக்கே தெரியும், கானின் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். செருப்போடு வராதே, அட்டை பிடுங்கிவிடும்.

மீதி மூன்று கல்லை எங்கே எடுத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவற்றை வெறும் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா