பழைய சிஆர்ஓ வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படுவது வழக்கம். அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை குறுவை நாற்றைக் காப்பாற்றுவது போர்வெல் மோட்டார்தான். மோட்டாரைச் சுற்றி இப்போது சோலார் கன்ட்ரோலர், ஃபேஸ் போனால் நிறுத்தும் கார்டு, மொபைல் ஸ்டார்ட்டர் என்று எலக்ட்ரானிக்ஸ் நிறைந்திருக்கிறது. கெட்டுப்போனால் கார்டையே மாற்றச் சொல்கிறார்கள். காய்ந்துபோன ஒரு கெபாசிட்டருக்காக விவசாயி ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார். கார்டின் பவர் டிரான்சிஸ்டர்களை இயக்கும் கேட் பல்ஸ் வருகிறதா, டிசி சப்ளையில் ரிப்பிள் (ஏற்ற இறக்கம்) எவ்வளவு என்று மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது. அதற்கு, மின்னலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும்; பழைய டியூப் வகையைத்தான் சிஆர்ஓ என்கிறோம். டெல்டாவின் சர்வீஸ் கடைகள் பலவற்றில் அது இல்லாததற்கு விலைதான் காரணம் என்கிறார்கள். பழையது வாங்கலாம், பார்த்து வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கையில் பத்தாயிரம் ரூபாய்க்குள்தான் இருக்கிறது என்றால், 20 அல்லது 30 மெகாஹெர்ட்ஸ் இரட்டைச் சேனல் அனலாக் சிஆர்ஓ போதும். ஹாமெக் ஹெச்எம் 203 போன்றவை கல்லூரி ஆய்வகங்களில் பல்லாண்டு உழைத்தவை. 20 மெகாஹெர்ட்ஸ் கருவியின் எழுச்சி நேரம் (திடீர் ஏற்றத்தைக் காட்ட எடுக்கும் நேரம்) 17.5 நானோ செகண்ட். இன்வெர்ட்டர், யுபிஎஸ், ஆம்ப்ளிஃபையர், 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் முறைப் பவர் சப்ளை) எல்லாவற்றுக்கும் இது தாராளம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் டிஎஸ்ஓ 138 என்ற சிறிய டிஜிட்டல் ஸ்கோப் கிட்டைச் சிலர் வாங்குகிறார்கள். அதன் அலைவரிசை 200 கிலோஹெர்ட்ஸ், மைக்ரோ செகண்டுக்கு ஒரு சாம்பிள், ஒரே சேனல். அந்த எஸ்எம்பிஎஸ்ஸை அதில் பார்த்தால் ஓர் அலைக்குப் பத்துப் புள்ளிதான் விழும். படிக்கிற பிள்ளைக்கு அது சரி, தொழிலுக்கு ஆகாது.

வாங்கப் போகும்போது மல்டிமீட்டர், புதிய பென்டார்ச் செல் ஒன்று, 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டர் (நான்கு கால் உள்ள தகர டப்பா வகை, 5 வோல்ட்டில் ஓடும்), நல்ல புரோப் (ஸ்கோப்பைச் சர்க்யூட்டோடு இணைக்கும் முனை வயர்) ஒன்று, சீரிஸ் பல்பு போர்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பிளக்கைச் செருகும் முன்பே பின்பக்க வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கருவி 115-இல் நின்றால், நம் 230-இல் அது அந்த நிமிடமே புகையும். அடுத்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் புரோப் மாட்டும் பிஎன்சி சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் இடையே மீட்டர் வையுங்கள். ஓர் ஓமுக்குள் காட்ட வேண்டும். எர்த் பின் வெட்டப்பட்டிருந்தால், யாரோ அதை வைத்து எஸ்எம்பிஎஸ் பிரைமரியை (மெயின்ஸ் மின்சாரம் நேராக வரும் பக்கம்) நேரடியாகப் பார்த்திருக்கலாம். அந்தக் கருவியின் உள்ளீட்டுப் பகுதியை இரட்டைக் கவனத்தோடு சோதிக்க வேண்டும்.

வருடக்கணக்கில் மூடிக்கிடந்ததை 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு முதலில் ஓட்டுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வைத்த மாடல்களுக்குத்தான் இந்தச் சோதனை. உள்ளே எஸ்எம்பிஎஸ் இருந்தால், பல்பு தொடரில் இருக்கையில் அது விட்டுவிட்டு இயங்கி உங்களைக் குழப்பும்.

திரையைப் பிக்சர் டியூபாக நினைத்துப் பாருங்கள், ஏனென்றால் அது போனால் மாற்று கிடைக்காது. அணைத்த நிலையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால், நடுவில் பழுப்புப் புள்ளியோ கோடோ தெரியலாம். அது திரையின் உட்பூச்சான பாஸ்பர் எரிந்த தழும்பு. சின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கோட்டை வரவழைத்து இன்டென்சிட்டியை மெல்ல ஏற்றுங்கள். பகல் வெளிச்சத்தில் தெரிய வேண்டும், ஃபோகஸில் மெல்லியதாக நிற்க வேண்டும். வெளிச்சம் ஏற ஏறக் கோடு ஊதிப் பரவினால் டியூபோ அதன் உயர் வோல்ட் சப்ளையோ தளர்ந்துவிட்டது, வேண்டாம். கோடு தடித்து மெல்ல நெளிந்தால் பவர் சப்ளையில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்திருக்கிறது. அது சில நூறு ரூபாய் வேலை. விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணம். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இருந்த கருவியில் 'ஸ்ஸ்' என்ற சத்தமும் ஓசோன் வாடையும் வருகிறதா என்று கவனியுங்கள். கோடையில் ஒழுங்காக ஓடியது ஐப்பசி அடைமழையில் கசியத் தொடங்கும். மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். சின்ன மாடலிலேயே டியூபில் சுமார் 2 கிலோவோல்ட் இருக்கும், பெரியவற்றில் 10-க்கும் மேல். அணைத்த பிறகும் அது தங்கும்.

இருபது நிமிடம் சூடாகட்டும். அதன்பின் உள்ளீடு; பலர் தவறவிடும் இடம் இதுதான். கருவி ஓடிக்கொண்டிருக்க, உள்ளீட்டு ஸ்விட்சை (கப்ளிங்) டிசியில் வைத்து, பிஎன்சியின் நடு முனைக்கும் வளையத்துக்கும் இடையே மீட்டரை ஓம் ரேஞ்சில் வையுங்கள். ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். திரையின் ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட் என்று தேர்வுசெய்யும் வோல்ட் நாபின் ஒவ்வொரு நிலையிலும், இரண்டு சேனலிலும் அதே அளவு வர வேண்டும். சில நூறு கிலோ ஓம் என்றாலோ, நிலைக்கு நிலை மாறினாலோ உள்ளே அடிபட்டிருக்கிறது. பிறகு கப்ளிங்கை கிரவுண்டில் வைத்து வோல்ட் நாபைச் சுற்றுங்கள். கோடு அரைக் கட்டத்துக்கு மேல் குதிக்கக் கூடாது. கரகரவென்று அலறினால் பயப்பட வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு ஸ்விட்ச் முனைகள் கருத்துப்போகும். காண்டாக்ட் கிளீனரில் சரியாகும். நாபின் தண்டே உடைந்து சும்மா சுற்றினால் விட்டுவிடுங்கள். வேரியபிள் நாபைக் கேலிபரேட் நிலையில் வைத்து, வோல்ட் நாபைக் கட்டத்துக்கு 0.5 வோல்ட்டில் நிறுத்தி, டார்ச் செல்லைக் கொடுங்கள். கோடு மூன்று கட்டத்துக்குச் சற்று மேலே ஏறும். மீட்டர் காட்டும் அளவோடு ஒப்பிட்டால் 3 விழுக்காட்டுக்குள் பொருந்த வேண்டும்.

நேர அளவுக்கு டிரான்ஸ்ஃபார்மரின் 6 வோல்ட் பக்கத்தைக் கொடுங்கள். கட்டத்துக்கு 5 மில்லி செகண்ட் என்று வைத்தால் ஓர் அலை நான்கு கட்டம் பிடிக்கும். வேகமான பக்கத்துக்குக் கிரிஸ்டல்: கட்டத்துக்கு 0.2 மைக்ரோ செகண்ட் என்று வைத்தால் ஒரு கட்டத்தில் இரண்டு அலை. 20 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அந்தச் சதுர அலை உருண்டு தெரிவது இயல்பு. எண்ணிக்கை மட்டும் பொருந்தினால் போதும். அலையைத் திரையில் அசையாமல் நிறுத்துவது ட்ரிகர். அதன் லெவலைத் திருப்பும்போது அலையின் தொடக்கப் புள்ளி வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். ஸ்லோப்பை மாற்றினால் தலைகீழாகத் தொடங்க வேண்டும். இரண்டு சேனலையும் தனித்தனியே ட்ரிகருக்குத் தேர்ந்து பாருங்கள். அலை நிற்காமல் ஓடும் கருவியை என்ன விலைக்கும் வாங்காதீர்கள். கடைசியாக, முன்பக்கத்தில் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் புரோபை 10 மடங்கு நிலையில் மாட்டி, அதன் சிறு திருகைத் திருப்புங்கள். மூலைகள் மழுங்காமலும் கொம்பு முளைக்காமலும் தட்டையாக நிற்கும் இடமே சரி.

வாங்கிய பின் உயிருக்கு ஆபத்தான பெரிய தவறு எர்த் விஷயத்தில்தான். புரோபின் எர்த் கிளிப் நேராகச் சுவர் எர்த்தோடு இணைந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் பிரைமரி மைனஸில் அதைக் கவ்வினால் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வெடிக்கும். இதைத் தவிர்க்க ஸ்கோப்பின் எர்த்தை வெட்டுபவர்கள், ஸ்கோப்பின் உலோகப் பெட்டியையே மின்சாரத்தில் நிறுத்துகிறார்கள். எர்த் ஸ்கோப்பில் இருக்கட்டும். பழுதுபார்க்கும் பொருளுக்குத்தான், அதை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். காசு இல்லையென்றால், ஒரே மாதிரியான 12 வோல்ட் 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டின் 12 வோல்ட் பக்கங்களை இணைத்தால், மறுமுனையில் 230-க்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். சிறு பலகைகளுக்குப் போதும். சோலார் கன்ட்ரோலரின் டிசி பஸ் (பேனலின் டிசி வரும் லைன்) 500 வோல்ட்டைத் தாண்டலாம். அதைப் பேனலோடு இணைத்து வைத்துக்கொண்டு சாதாரண புரோபால் தொடவே கூடாது. கன்ட்ரோல் கார்டை மேசைக்குக் கொண்டுவந்து, அதன் 15 வோல்ட்டை மட்டும் பெஞ்ச் சப்ளையில் கொடுத்து, கேட் பல்ஸ்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பழைய டிஜிட்டல் கிடைத்தால், உதாரணமாக டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் 210, திரையின் பின்விளக்கு மங்கியிருக்கிறதா, நாபைச் சுற்றினால் அளவு தாவுகிறதா என்று முதலில் பாருங்கள். செல்ஃப் கேலிபரேஷன் தோல்வி என்று காட்டினால் விலகிவிடுங்கள்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் ஆய்வகக் கருவிகளைக் கழிக்கும்போது, பழைய நாற்காலி, மின்விசிறியோடு ஒரே குவியலாக எடைக்குப் போட வேண்டாம். ஏல அறிவிப்பில் மாடல் பெயரும் எண்ணிக்கையும் தரட்டும். புரோபையும் கையேட்டையும் கருவியோடு கட்டி வைக்கட்டும். ஏலத்துக்கு முதல் நாள் ஆய்வக உதவியாளர் ஒருவர் முன்னிலையில், வாங்க வருபவர்கள் கருவியை ஓட்டிப் பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்கட்டும். ஓடாதவற்றையும் தனியாகப் பிரித்து, உதிரிக்கு என்று எழுதி விற்கலாம். ஒரே மாடலில் இரண்டு கெட்டது கிடைத்தால், அவற்றிலிருந்து ஒன்றை நன்றாக ஓட வைக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் தொழிலாளர்,
மன்னார்குடி